விளாம்பழமும் விசைப்படகும்



பத்தாம் வகுப்புப் பிள்ளைகள் இருக்கும் வீடுகளில் ஒரு பேச்சை அடிக்கடி கேட்கலாம். "நீக்கல் முறை தெரியும், பிரதியிடல் முறை தெரியும். ஆனால் வாக்கியக் கணக்கு வந்தால் பேனா நின்றுவிடுகிறது." ரயில்வேயில் பொறியாளராக இருந்து ஓய்வு பெற்ற நான், இங்கே மாயாபந்தரில் மாலை வேளைகளில் சில பிள்ளைகளுக்குக் கணக்குச் சொல்லித் தருகிறேன். அந்த அனுபவத்தில் எழுதுவதே இக்கட்டுரை.

ஒருங்கமை சமன்பாடு என்பது மேல்நாட்டுச் சரக்கு அல்ல. கி.பி. 9ஆம் நூற்றாண்டில் இராஷ்டிரகூட மன்னன் அமோகவர்ஷன் காலத்தில் வாழ்ந்த மகாவீரர், 'கணித சார சங்கிரகம்' என்னும் நூலில் பழக் கணக்கு ஒன்று தருகிறார். 9 நாரத்தம்பழமும் 7 விளாம்பழமும் சேர்ந்து விலை 107. 7 நாரத்தம்பழமும் 9 விளாம்பழமும் சேர்ந்து விலை 101. ஒவ்வொரு பழத்தின் விலை என்ன?

முதலில் பிள்ளைகளிடம் ஒன்றை வற்புறுத்த வேண்டும். 'நா' என்று எழுதினால் அது நாரத்தம்பழம் அல்ல. ஒரு நாரத்தம்பழத்தின் விலை. எழுத்து ஓர் எண்ணைக் குறிக்கிறது, பொருளை அல்ல. இது தெளிவானால் பாதிக் கிணறு தாண்டியாயிற்று.

9நா + 7வி = 107
7நா + 9வி = 101

இரண்டையும் கூட்டுங்கள். 16 நாரத்தை, 16 விளாம்பழம், விலை 208. ஆகவே ஒரு சோடியின் விலை 13. இனிக் கழியுங்கள். 2 நாரத்தையின் விலை 2 விளாம்பழத்தின் விலையைவிட 6 அதிகம்; அதாவது ஒன்றுக்கு 3 அதிகம். கூடுதல் 13, வித்தியாசம் 3 என்றால் நாரத்தை 8, விளாம்பழம் 5. இரண்டு ரசீதுகளைச் சேர்த்துக் கூட்டுவது போலத்தான் சமன்பாடுகளைக் கூட்டுவதும். இதைக் கண்ட பிள்ளைக்கு நீக்கல் முறையை மனப்பாடம் செய்ய வேண்டியதில்லை.

பாடநூல்களில் ரயில் கணக்கு ஏராளம். எனக்கு அது உயிர். ஆனால் அந்தமானில் ரயில் கிடையாது. இங்குள்ள பல பிள்ளைகள் ரயிலில் ஏறியதே இல்லை. சென்னைப் பிள்ளைக்கு நடைமுறைக் கணக்காக இருப்பது இவர்களுக்குக் கற்பனைக் கணக்கு. ஆகவே படகுக்கு வந்தேன். ஒரு விசைப்படகு நீரோட்டத்தோடு 12 கிலோமீட்டரை 1 மணியில் கடக்கிறது. அதே தூரம் எதிர்த்துத் திரும்ப ஒன்றரை மணி ஆகிறது. படகின் வேகமும் நீரின் வேகமும் சேர்ந்து 12, கழித்தால் 8. படகு மணிக்கு 10, நீர் மணிக்கு 2 கிலோமீட்டர்.

இதைக் கேட்டதும் மீனவர் வீட்டுப் பையன் ஒருவன், "தாத்தா, நடுவில் வற்றம் ஏற்றமாகிவிட்டால்?" என்றான். அருமையான கேள்வி! இங்கே ஏறக்குறைய ஆறேகால் மணிக்கு ஒருமுறை நீரோட்டம் திசை மாறும். இடையிலும் வேகம் ஒரே சீராக இராது. போகும்போதும் வரும்போதும் நீரின் வேகம் ஒன்றே என்று நாம் எடுத்துக்கொண்டதால்தான் அந்த விடை வந்தது. எதை நம்பி எழுதினோம் என்று அறிவதும் கணக்கின் ஒரு பகுதிதான்.

படகுக்குப் பிறகு ரயிலைக் காட்டினால் பிள்ளைகளுக்கு எளிதில் புரிகிறது. ரயில்வே கட்டுப்பாட்டு அறையில் நேரத்தை ஒரு பக்கமும் தூரத்தை மறுபக்கமும் வைத்து ஒவ்வொரு வண்டிக்கும் ஒரு கோடு போடுவார்கள். 60 கிலோமீட்டர் ஒற்றைப் பாதையின் ஒரு முனையிலிருந்து காலை 6 மணிக்குப் பயணி வண்டி 40 கிலோமீட்டர் வேகத்திலும், மறுமுனையிலிருந்து அதே நேரம் சரக்கு வண்டி 20 கிலோமீட்டர் வேகத்திலும் கிளம்பினால், கோடுகள் 7 மணிக்கு, 40ஆவது கிலோமீட்டரில் வெட்டும். அங்கே நிலையம் இல்லாமல் 30இலும் 48இலும் மட்டும் இருந்தால்? 30இல் கிராசிங் வைத்தால் பயணி வண்டி 45 நிமிடம் காத்திருக்கும். 48இல் வைத்தால் சரக்கு வண்டி 36 நிமிடம் காத்திருக்கும். எதை நிறுத்துவது என்பதைச் சமன்பாடு சொல்லாது. மனிதன்தான் முடிவு செய்ய வேண்டும்.

ஒரே திசையில் ஒரே வேகத்தில் முன்பின்னாகப் போகும் வண்டிகளின் கோடுகள் இணையானவை. அங்கே விடை இல்லை. ஒரே வண்டியை இருமுறை வரைந்தால் கோடு கோட்டின் மேல் விழும், விடைகள் எண்ணிலடங்கா. கடைக் கணக்கிலும் இப்படித்தான். 2 கிலோ வெங்காயமும் 3 கிலோ உருளைக்கிழங்கும் 190 ரூபாய். 4 கிலோவும் 6 கிலோவும் 380 ரூபாய் என்றால் இரண்டாம் ரசீது புதிதாக எதுவும் சொல்லவில்லை. 390 என்றிருந்தால் இடையில் விலை மாறியிருக்க வேண்டும், அல்லது கூட்டலில் பிசகு.

பெற்றோருக்கு ஒரு வேண்டுகோள். கடைக்குப் போய் வந்தால் இரண்டு ரசீதுகளைப் பிள்ளையிடம் கொடுத்து, ஒவ்வொன்றின் விலையையும் கண்டுபிடிக்கச் சொல்லுங்கள். விடை வந்ததும் கதையில் பொருத்திப் பார்க்கச் சொல்லுங்கள். டிப்ளமா படிப்புதான் எனக்குச் சோறு போட்டது. அந்தக் கதவைத் திறந்தது கணக்கு. வாக்கியக் கணக்கைக் கண்டு பயந்து நம் பிள்ளை ஒருவர்கூட அந்தக் கதவுக்கு வெளியே நின்றுவிடக் கூடாது.