பூட்டில் முறுக்கு டின் இருக்கிறது, முக்கோணம் எங்கே?

தீபாவளி, தைப்பூசம், ஆண்டிறுதிப் பள்ளி விடுமுறை என்று வந்துவிட்டால் கெலாங் பாத்தா வட்டாரத்துத் தமிழ்க் குடும்பங்கள் வடக்கே கிளம்பிவிடும். சிலருக்குப் பத்துமலை, சிலருக்கு ஈப்போ, தாப்பா. இன்னும் சிலருக்கு, தாத்தாவும் பாட்டியும் பால் மரம் வெட்டிய கெடா, பினாங்குத் தோட்டப்புறங்கள். தீபகற்பத்தின் தென்மேற்கு மூலையில் இருக்கும் ஊர் என்பதால் இங்கிருந்து எங்கே போவதென்றாலும் தூரம்தான். கோலாலம்பூருக்கே 300 கிலோமீட்டருக்கு மேல். பினாங்கு என்றால் அதைப்போல் இரண்டு மடங்கு.

கிளம்புவதற்கு முதல் நாள் இரவு பூட்டில் என்ன ஏறுகிறது என்பதைப் பார்த்தால், உறவினர் வீட்டுக்குக் கொண்டு போகும் பொருள்களே முக்கால் பங்கு இருக்கும். பலகார டின்கள், புதுத்துணி, ஒரு பெட்டி ஆரஞ்சுப் பானம், மெத்தை, தலையணை. வழியில் கார் நின்றுவிட்டால் தேவைப்படும் பொருள்கள் இவற்றுக்கெல்லாம் அடியில் கிடக்கும், அல்லது வீட்டிலேயே கிடக்கும். கேட்டால், "போற வழியில வாங்கிக்கலாம்" என்பதுதான் பதில்.

அந்தப் பதில் பழைய சாலைக் காலத்துப் பதில். கூலாய், ஆயர் ஈத்தாம், யோங் பெங், சிகாமட் என்று ஊர் ஊராக நுழைந்து வெளியேறிய நாள்களில் கார் நின்றால் அரை மைல் நடையில் ஒரு பட்டறை இருக்கும், டயர் ஒட்டும் கடை இருக்கும், தேநீர்க் கடையும் இருக்கும். 1994இல் வடக்கு-தெற்கு நெடுஞ்சாலை முழுமையாகத் திறக்கப்பட்ட பிறகு நேரம் மிச்சமானது. ஆனால் பட்டறைகள் சாலையோரத்தை விட்டுப் போய்விட்டன. கெலாங் பாத்தாவில் இரண்டாவது பாலத்து நெடுஞ்சாலையில் ஏறி, லிமா கெடாய் டோலைக் கடந்து, சினாய் பக்கம் பிளஸ் நெடுஞ்சாலையில் சேர்ந்துவிட்டால், அதன்பின் ஒரு வெளியேறும் வழிக்கும் அடுத்ததற்கும் இடையில் உதவிக்கென்று எந்தக் கடையும் கிடையாது. அந்த இடைவெளியில் தேவைப்படுவது காருக்குள்ளேயே இருந்தாக வேண்டும்.

முதலில் டயர். ஸ்பேர் டயர் ஓடாத டயர் என்பதால் அது புது டயர் என்று நினைப்பவர்கள் நிறையப் பேர். ஓடாவிட்டாலும் ரப்பர் இறுகும், காற்றும் மெல்ல இறங்கும். டயரின் பக்கவாட்டில் நான்கு இலக்க எண் ஒன்று அச்சாகியிருக்கும். 2319 என்றிருந்தால் அது 2019ஆம் ஆண்டின் 23ஆவது வாரத்தில் செய்யப்பட்டது என்று பொருள். ஸ்பேர் டயரிலும் இந்த எண்ணைப் பார்க்க வேண்டும். காரோடு வந்த டயர் பத்து ஆண்டுகளாகத் தரைவிரிப்புக்கு அடியில் தூங்கிக்கொண்டிருந்தால், தேவைப்படும் அன்று அது கை கொடுக்கும் என்று நம்ப முடியாது.

பல கார்களில் இப்போது முழு அளவு ஸ்பேர் டயர் வருவதில்லை. ஒல்லியான தற்காலிக டயர்தான் இருக்கும். சாதாரண டயருக்கு 30 சொச்சம் பிஎஸ்ஐ காற்று என்றால் இதற்குப் பொதுவாக 60 வேண்டும். மணிக்கு 80 கிலோமீட்டருக்கு மேல் போகக் கூடாது என்று அதிலேயே எழுதியிருக்கும். அதை மாட்டிக்கொண்டு ஈப்போ வரை போய்விடலாம் என்று நினைப்பது தவறு. அது அடுத்த டயர் கடை வரைக்கும்தான். வேறு சில புதிய கார்களில் ஸ்பேர் டயரே கிடையாது. ஒரு புட்டிப் பசையும் சிறு பம்பும் மட்டும் வைத்திருப்பார்கள். ஆணி குத்திய சிறு துளையை அந்தப் பசை அடைக்கும், பக்கவாட்டில் கிழிந்த டயருக்கு அது உதவாது. தங்கள் காரில் இந்த மூன்றில் எது இருக்கிறது என்பதைக் கிளம்பும் முன்பே தரைவிரிப்பைத் தூக்கிப் பார்த்துத் தெரிந்துகொள்வது நல்லது. புத்தம் புதுக் கார் வாங்கியவர்கள்தான் இதை அதிகம் மறக்கிறார்கள்.

இதோடு சேர வேண்டியவை: ஜேக், நட்டுக் கழற்றும் ஸ்பேனர், காரின் மின்முனையில் சொருகும் காற்று பம்பு. ஸ்போர்ட் ரிம் போட்டவர்கள் திருட்டுக்குப் பயந்து லாக் நட்டு மாட்டியிருப்பார்கள். அதற்குரிய சிறிய சாவித் தலையைப் பட்டறையிலோ வீட்டு அலமாரியிலோ விட்டுவிட்டால் மற்ற எல்லாக் கருவிகளும் இருந்தும் டயரைக் கழற்ற முடியாது. பம்பு வாங்கப் பெரிய செலவில்லை. ஆனால் ஸ்பேர் டயரில் காற்றில்லை என்று நடுவழியில் தெரியவரும்போது அதன் அருமை புரியும். எவ்வளவு காற்று அடிக்க வேண்டும் என்பது ஓட்டுநர் பக்கக் கதவுத் தூணில் ஒட்டியிருக்கும். கார் நிறைய ஆளும் சாமானும் ஏற்றும்போது அளவு கூடும் என்பதையும் அதே அட்டவணை சொல்லும். டயர் சூடேறும் முன், காலையிலேயே அளந்து அடிக்க வேண்டும்.

அடுத்து, கார் நின்றே போனால் என்ன செய்வது? உயிர் போவதும் தப்புவதும் பெரும்பாலும் இங்கேதான். மணிக்கு 110 கிலோமீட்டர் வேகத்தில் வரும் வாகனம் ஒரு விநாடியில் 30 மீட்டர் கடந்துவிடும். எச்சரிக்கை முக்கோணத்தைக் காருக்குப் பின்னால் பத்தடி தள்ளி வைத்தால், வருபவர் அதைப் பார்ப்பதும் மோதுவதும் ஒன்றாகவே நடக்கும். 50 மீட்டர் தள்ளி வைத்தாலும் அவருக்குக் கிடைப்பது இரண்டு விநாடிக்கும் குறைவு. முடிந்தால் 100 மீட்டர் தள்ளி வைக்க வேண்டும், அதுவும் தடுப்புக் கம்பிக்கு வெளிப்பக்கமாக நடந்து போய். இருட்டிலும் அடைமழையிலும் வளைவிலும் முக்கோணத்தைத் தூக்கிக்கொண்டு சாலையோரம் நடப்பதே ஆபத்து. அப்போது நான்கு திசை விளக்குகளையும் எரியவிட்டு, முக்கோணத்தை மறந்துவிடுவதே மேல்.

அவசரத் தடத்தில் நிற்கும் காருக்குள் யாரும் உட்கார்ந்திருக்கக் கூடாது. இடப்பக்கக் கதவு வழியாக எல்லாரும் இறங்கி, தடுப்புக் கம்பியைத் தாண்டி நிற்க வேண்டும். காருக்கு முன்னால் நிற்கக் கூடாது. பின்னாலிருந்து ஒரு லாரி இடித்தால் நின்ற கார் முன்னோக்கித்தான் பாயும். நம் நாட்டில் அவசரத் தடத்தை மோட்டார் சைக்கிளோட்டிகளும் பயன்படுத்துகிறார்கள் என்பதையும் நினைவில் கொள்ள வேண்டும். வெளிச்சத்தில் மின்னும் பட்டைச் சட்டை ஒன்று ஓட்டுநர் கதவின் பையிலேயே இருந்தால், இறங்குவதற்கு முன்பே போட்டுக்கொள்ளலாம். பூட்டில் மெத்தைக்கு அடியில் இருந்தால், அதை எடுப்பதற்கே சட்டையில்லாமல் சாலையில் நிற்க வேண்டி வரும். டார்ச் லைட்டும் அப்படித்தான். கைத்தொலைபேசி விளக்கை நம்பினால், உதவிக்கு அழைக்க வேண்டிய பேட்டரி அதிலேயே தீர்ந்துவிடும்.

பிளஸ் நெடுஞ்சாலையில் உதவிக்கு 1800-88-0000, விபத்து என்றால் 999. சாலையோரத்தில் சிறு பலகைகளில் கிலோமீட்டர் எண் போட்டிருக்கும். அந்த எண்ணையும், வடக்கு நோக்கிப் போகிறோமா தெற்கு நோக்கியா என்பதையும் சொன்னால்தான் ரோந்து வாகனம் சீக்கிரம் வந்து சேரும். அழைக்காமலே வந்து நிற்கும் இழுவை லாரியிடம் சாவியைக் கொடுத்துவிடக் கூடாது. காப்புறுதி நிறுவனத்தின் 24 மணி நேர எண் பாலிசியில் இருக்கும். அதை ஒரு தாளில் எழுதி முன்பெட்டியில் வைத்திருப்பது, தொலைபேசி அணைந்துபோனாலும் பயன்படும்.

பேட்டரி இறங்கிப்போவதும் நீண்ட பயணத்தில் நடப்பதுதான், பெரும்பாலும் உறவினர் வீட்டு வாசலில், பிள்ளைகள் உள்விளக்கை எரியவிட்டுப் போன மறுநாள் காலையில். ஜம்பர் கேபிள் இருந்தால் பக்கத்து வீட்டுக் கார் போதும். சிவப்புக் கம்பியை முதலில் இறங்கிப்போன பேட்டரியின் பிளஸ் முனையில், பிறகு நல்ல பேட்டரியின் பிளஸ் முனையில் மாட்ட வேண்டும். கறுப்புக் கம்பியை நல்ல பேட்டரியின் மைனஸ் முனையில் மாட்டி, மறுநுனியை நின்றுபோன காரின் பூச்சில்லாத இரும்புப் பாகம் ஒன்றில் கவ்வ வைக்க வேண்டும்.

மழைக்கால வைப்பர் ரப்பர், கண்ணாடி கழுவும் நீர், கூலண்ட் இவற்றைப் போரமென் ஒருமுறை பார்த்துவிட்டால் போதும்.

குழந்தை இருக்கையைப் பற்றிப் பேசினால் பல வீடுகளில் முகம் சுளிக்கிறார்கள். "பாட்டி மடியில இருக்கிற பிள்ளைக்கு என்ன ஆகும்?" என்கிறார்கள். 50 கிலோமீட்டர் வேகத்தில் மோதினாலே பத்துக் கிலோ பிள்ளையைக் கையால் பிடித்து நிறுத்த எவராலும் முடியாது. பாசம் எவ்வளவு இருந்தாலும் கைக்கு அவ்வளவு பலம் கிடையாது. 2020 ஜனவரி 1 முதல் நம் நாட்டில் குழந்தை இருக்கை சட்டப்படி தேவை. பின்னிருக்கையில் அமர்வோருக்கான வார்ப்பட்டை அதற்கும் முன்பே, 2009 ஜனவரி 1 முதல் கட்டாயம். புது இருக்கை வாங்க வசதியில்லாதவர்கள் உறவினரிடம் கடன் வாங்கலாம். ஆனால் விபத்தில் சிக்கிய இருக்கையை வாங்கக் கூடாது. ஆர்44 அல்லது ஆர்129 என்ற தரமுத்திரை ஒட்டியிருக்கிறதா என்றும் பார்க்க வேண்டும். ஐந்து பேர் காரில் ஏழு பேர் ஏறினால் வார்ப்பட்டையும் போதாது, இருக்கையும் போதாது. அந்த இரண்டு பேருக்குப் பேருந்து டிக்கெட் எடுப்பதுதான் சரி.

ஆள்களைக் கட்டியது போலவே சாமான்களையும் கட்ட வேண்டும். பின்கண்ணாடிக்குக் கீழே வைத்த முறுக்கு டின், திடீர் பிரேக்கில் பின்னிருக்கைக்காரரின் தலையைத் தாக்கும். ஓட்டுநர் காலடியில் உருளும் தண்ணீர்ப் போத்தல் பிரேக் கட்டைக்கு அடியில் போய் மாட்டிக்கொள்ளும். கனமானவை பூட்டின் அடியில், இருக்கையின் முதுகை ஒட்டி. முக்கோணமும் பம்பும் எல்லாவற்றுக்கும் மேலே, கதவைத் திறந்ததும் கைக்கு எட்டும்படி.

இன்சுலின் போடுபவர்கள் நம் சமூகத்தில் பல வீடுகளில் உண்டு. பெருநாள் நெரிசலில் இரண்டு மணி நேரப் பயணம் ஐந்து மணி நேரமாகும்போது சாப்பாட்டு நேரம் தவறும். அதனால் மருந்தோடு இனிப்பு மிட்டாயும் பிஸ்கட்டும் பூட்டில் அல்ல, அவர்கள் கைப்பையிலேயே இருக்க வேண்டும். வெயிலில் நிறுத்திய காரின் உட்புறம் அரை மணி நேரத்தில் 40 டிகிரியைத் தாண்டிவிடும். இன்சுலினை முன்பெட்டியில் விட்டுவிட்டு ஓய்வு நிலையத்தில் சாப்பிடப் போகக் கூடாது. குளிர்ப் பையில் வைக்கும்போது ஐஸ் கட்டி மேலே படாமல் துணியில் சுற்ற வேண்டும். உறைந்துபோன இன்சுலின் பயன்படாது. பவர் பேங்க், சிகரெட் லைட்டர், வாசனைத் தெளிப்பான் டின் போன்றவையும் வெயிலில் கிடக்கக் கூடாதவை.

ஒரு பழைய கைலியும் எடுத்துக்கொள்ளலாம். வாந்தி எடுத்த பிள்ளையைத் துடைக்க, ஜன்னல் வெயிலை மறைக்க, அவசரத்திற்குச் சாலையோரம் ஒதுங்கும் மூதாட்டிக்குத் திரை பிடிக்க, ஜேக் போடும்போது மண்டியிட. இத்தனைக்கும் உதவும் வேறு பொருள் எந்தக் கடையிலும் இல்லை.

ஓட்டுநர் உரிமமும் சாலை வரியும் மைஜேபிஜே செயலிக்கு வந்துவிட்டதால், தொலைபேசி அணைந்தால் காட்ட ஒன்றுமிருக்காது. சார்ஜ் கம்பி ஒன்றுக்கு இரண்டாக இருக்கட்டும். டச் அண்ட் கோ அட்டையில் போக வர இரு வழிக்கும் பணம் இருக்கிறதா என்று கெலாங் பாத்தாவிலேயே பார்த்துவிட வேண்டும். 2025 செப்டம்பர் 30 முதல் எல்லாக் குடிமக்களுக்கும் மானிய விலை ரோன்95 பெட்ரோலுக்கு மைகார்டு தேவைப்படுவதால், மாற்றி ஓட்டப் போகிறவர்களும் தங்கள் மைகார்டை மறக்கக் கூடாது.

பங்குனி உத்திரத்திற்கு மாரான் ஸ்ரீ மரத்தாண்டவர் ஆலயம் போகிறவர்கள் யோங் பெங்கில் இறங்கி, சிகாமட் தாண்டி முவாட்ஸாம் ஷா வழியாகப் போவார்கள். அது நெடுஞ்சாலை போன்றதல்ல. செம்பனைத் தோட்டங்களும் காடும்தான் வழிநெடுக. சிகாமட்டிலேயே எண்ணெய் நிரப்பிக்கொள்வது நல்லது. போத்தலில் பெட்ரோல் வாங்கிப் பூட்டில் வைப்பது மட்டும் வேண்டாம். தொலைபேசிக் கோடுகள் விட்டுவிட்டுக் கிடைக்கும் என்பதால் வரைபடத்தை முன்கூட்டியே பதிவிறக்கம் செய்துகொள்ளலாம். இரவில் விலங்குகள் குறுக்கே வரும்.

மோட்டார் சைக்கிளில் போகிறவர்களுக்கு நெடுஞ்சாலையில் டோல் கிடையாது, கூரையும் கிடையாது. இரண்டாவது பாலம் வழியாகத் தினமும் சிங்கப்பூர் வேலைக்குப் போகும் இளைஞர்களுக்கு மழைச்சட்டையின் அருமை தெரியும். ஆனால் பலர் வாங்குவது கறுப்பு நிறம். மழை இருட்டில் லாரி ஓட்டுநர் கண்ணுக்கு அது தெரியாது. மஞ்சளோ ஆரஞ்சோ வாங்கி, அதில் ஒளிரும் பட்டை இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். மழைச்சட்டை இல்லாதவர்கள்தான் மேம்பாலத்துக்கு அடியில் அவசரத் தடத்தில் கூட்டமாக ஒதுங்குகிறார்கள். வழுக்கி வரும் கார் நேராக அங்கேதான் போகும். சட்டையைப் பையின் அடியில் திணிக்காமல், வண்டியை நிறுத்தியதும் ஒரே இழுப்பில் எடுக்கும்படி இருக்கைக்கு அடியிலோ பையின் மேல்பாகத்திலோ வைத்தால், முதல் தூறலிலேயே பாதுகாப்பான இடம் பார்த்து மாட்டிக்கொண்டு போய்விடலாம்.