மல்லிகைக்கு அனுமதி இல்லாத அறை

எங்கள் செயற்கைக் கருத்தரிப்பு லேபுக்குள் மல்லிகைப் பூவுக்கு அனுமதி இல்லை. மதுரையில் உட்கார்ந்துகொண்டு இப்படியொரு விதி வைத்திருப்பது கொஞ்சம் அநியாயம்தான். கருமுட்டை எடுக்கும் நாளில் நர்ஸ் வாசலிலேயே பூவை வாங்கி வைத்துவிடுவார். சென்ட், பவுடர், தைலம் எதுவும் கூடாது. "என்னம்மா, தீட்டுப் பாக்குற மாதிரில்ல பாக்குறீங்க?" என்று ஒரு மாமியார் என்னிடம் கோபப்பட்டிருக்கிறார்.

வாசனை என்று மூக்குக்குத் தெரிவது காற்றில் மிதக்கும் வேதிப்பொருள்தான். கரு இருக்கும் சொட்டுத் திரவத்தின் மேல் நாங்கள் எண்ணெய் ஊற்றி மூடியிருப்போம். அந்த வேதிப்பொருள் எண்ணெயில் கரைந்து கருவைத் தொட்டுவிடலாம். வயிற்றில் இருக்கும் கருவுக்குத் தாயின் கல்லீரலும் சிறுநீரகமும் காவல். என் டிஷ்ஷில் இருப்பதற்கு, எம்பிரியாலஜிஸ்டான நான்தான் காவல். 37 டிகிரி வெப்பம். அறைக் காற்றில் 21 சதவீதம் ஆக்சிஜன் இருந்தாலும், இன்குபேட்டருக்குள் 5 சதவீதம்தான் வைப்போம். கருக்குழாயிலும் ஆக்சிஜன் குறைவுதான்.

அந்த முதல் ஐந்தாறு நாட்களில் கருவுக்குள் நடப்பதை எண்ணித்தான் இத்தனை கெடுபிடி. நம் மரபணுக்களின் மேல் மீத்தைல் என்னும் சிறு வேதி அடையாளங்கள் ஒட்டியிருக்கின்றன. எந்த மரபணு வேலை செய்யலாம், எது அடங்கியிருக்கலாம் என்பதில் அவற்றுக்குப் பங்கு உண்டு. மரபணுவின் எழுத்து மாறாமல் அதன் நடத்தையை மட்டும் மாற்றும் இந்த ஏற்பாட்டைத்தான் எபிஜெனெடிக்ஸ் என்கிறோம். பழைய புத்தகக் கடையில் வாங்கிய பாடப்புத்தகத்தில் முன்னால் படித்தவர் பென்சிலில் அடைப்புக்குறி போட்டு 'இது வேண்டாம்' என்று எழுதியிருப்பாரே, அப்படி. கரு முதலில் அந்தப் பென்சில் குறிகளைப் பெரும்பாலும் அழித்துவிடுகிறது. விந்தணு வழியாக வந்தவை முதல் செல் பிளவுக்கு முன்பே வேகமாக அழிகின்றன. முட்டையிலிருந்து வந்தவை ஒவ்வொரு பிளவிலும் கொஞ்சம் கொஞ்சமாகத் தேய்கின்றன. ஐந்தாம் நாள் பிளாஸ்டோசிஸ்ட் என்னும் செல் உருண்டையாகும்போது ஏறக்குறைய வெற்றுப் பக்கம். கருப்பையில் ஒட்டிய பிறகு புதிதாகக் குறிகள் ஏறுகின்றன. சுமார் நூறு மரபணுக்களில் மட்டும் பேனாவால் போட்ட குறிகள் அழியாமல் தப்ப வேண்டும். அந்த மரபணுக்களில் பல, வளர்ச்சியைத் தூண்டுபவை அல்லது அடக்குபவை.

இந்தக் குறிகள் தப்பாவிட்டால் என்ன ஆகும் என்பதை முதலில் காட்டியவை ஆடுகளும் மாடுகளும். 1990-களில், ரத்தச் சீரம் கலந்த திரவத்தில் வளர்த்த கருக்களிலிருந்து பிறந்த சில குட்டிகளும் கன்றுகளும் அளவுக்கு மீறிப் பெரிதாக இருந்தன. பிரசவமே சிக்கலானது. ஸ்காட்லாந்தின் ராஸ்லின் ஆய்வுக்கூடத்தினர் 2001-ல் காரணத்தைக் கண்டார்கள்: அந்தச் செம்மறிக் கருக்களில், வளர்ச்சிக்குக் கடிவாளம் போடும் ஐ.ஜி.எஃப்.2.ஆர். என்ற மரபணுவில் குறி கலைந்திருந்தது.

மனிதரில் அவ்வளவு பயங்கரம் இல்லை. 1978-ல் முதல் சோதனைக்குழாய்க் குழந்தை லூயிஸ் பிரவுன் பிறந்தது முதல் உலகில் ஒரு கோடிக்கும் மேற்பட்ட குழந்தைகள் இந்த முறையில் பிறந்திருக்கிறார்கள். மிகப் பெரும்பாலோர் நம்மைப் போலத்தான் ஓடியாடுகிறார்கள். ஆனாலும் 2010-ல் நெதர்லாந்தின் மாஸ்ட்ரிக்ட்டிலிருந்து வந்த ஒரு கட்டுரை என் தொழிலில் இருப்பவர்களை நிமிர்ந்து உட்காரவைத்தது. ஒரே மருத்துவமனை, இரண்டு நிறுவனங்களின் வளர்ப்புத் திரவங்கள். ஒன்றில் சில நாட்கள் இருந்த கருக்கள் ஒன்பது மாதம் கழித்து, மற்றவற்றைவிடச் சராசரி 245 கிராம் கூடுதல் எடையுடன் பிறந்தன. பிறகு 836 தம்பதிகளை வைத்து நடந்த டச்சு ஆய்விலும், வேறு இரு திரவங்களுக்கிடையே, 158 கிராம் வித்தியாசம் தெரிந்தது. திரவத்தில் என்னென்ன எவ்வளவு இருக்கிறது என்பதை நிறுவனங்கள் முழுதாக வெளியிடுவதில்லை. பிஸ்கட் பாக்கெட்டில் கூட அச்சிடுகிறார்கள்! எனக்கு இதில் கோபம் உண்டு.

ஆரம்ப நாட்களின் சூழல் தடம் பதிப்பது, டிஷ்ஷே தேவைப்படாத கருக்களுக்கும் பொருந்தும். 1944–45 குளிர்காலத்தில் ஜெர்மானிய முற்றுகையால் மேற்கு நெதர்லாந்து பட்டினி கிடந்தது. ஒரு நாள் ரேஷன் ஆயிரம் கலோரிக்கும் கீழே போனது. அந்தப் பஞ்சத்தில் கருவானவர்களின் ரத்தத்தை அறுபது ஆண்டுகள் கழித்து, அவர்கள் உடன்பிறந்தவர்களின் ரத்தத்தோடு ஒப்பிட்டார்கள். வளர்ச்சியைத் தூண்டும் ஐ.ஜி.எஃப்.2 மரபணுவில் மீத்தைல் குறைந்திருந்தது. கர்ப்பத்தின் கடைசி மாதங்களில் மட்டும் பஞ்சத்தைக் கண்டவர்களிடம் அந்தக் குறைவு இல்லை. வித்தியாசம் சிறியதுதான், இதுவே நோயைக் கொண்டுவரும் என்று சொல்லிவிட முடியாது. காம்பியாவின் கெனேபா பகுதிக் கிராமங்களில் பஞ்சம்கூட வேண்டியிருக்கவில்லை. மழைக்காலத்தில் கருவானவர்களுக்கும் வறண்ட காலத்தில் கருவானவர்களுக்கும், சில இடங்களில் மீத்தைல் அளவே மாறியிருந்தது. கருத்தரிக்கும் சமயத்தில் தாயின் ரத்தத்தில் இருந்த சத்துகளோடு அது தொடர்புபட்டிருந்தது. ரத்தத்திலும் தலைமுடி வேரிலும் ஒரே மாற்றம். அப்படியானால் அது விழுந்தது, உடல் உறுப்புகளாகப் பிரியும் முன்பு.

இங்கே வரும் பெண்களோ கருவை உள்ளே வைத்த பிறகுதான் கேட்கிறார்கள்: "ஒட்டுறதுக்கு என்ன மேடம் சாப்பிடணும்?" பப்பாளி, அன்னாசி எதையும் வீட்டில் கண்ணில் காட்டமாட்டார்கள். நான் பேச விரும்புவது அதற்கு மூன்று மாதம் முன்பு. ஃபோலிக் அமிலம் தினம் 400 மைக்ரோகிராம், கர்ப்பம் தெரிவதற்கு முன்பே தொடங்க வேண்டும். மூளையும் தண்டுவடமும் ஆகப்போகும் நரம்புக் குழாய், கருவான நான்கு வாரத்திற்குள் மூடிவிடும். மீத்தைல் கதை இன்னும் முழுதாக எழுதப்படவில்லை, ஃபோலிக் அமிலத்தின் பயன் மட்டும் சந்தேகமில்லாதது.

எல்லாவற்றையும் பெண் தலையில் கட்டுவதில் எனக்கு உடன்பாடில்லை. புகைப்பவரின் விந்தணுவிலும் மீத்தைல் மாற்றங்களைப் பார்த்திருக்கிறார்கள். ஒரு விந்தணு உருவாகி வெளிவர ஏறத்தாழ இரண்டரை மாதம் ஆகும். போன ஐப்பசியில் ஒரு கணவர், சட்டைப்பையில் சிகரெட் பாக்கெட் துருத்திக்கொண்டிருக்க, "என் கவுன்ட்தான் நல்லா இருக்கே மேடம், எனக்கெதுக்கு இதெல்லாம்?" என்றார்.

"கவுன்ட் எண்ணிக்கை மட்டும்தாங்க சார். அந்தப் பாக்கெட்டை இன்னிக்கே தூக்கிப் போட்டுட்டு தை மாசம் வாங்க, அப்ப சாம்பிள் எடுத்துக்குறோம்" என்றேன்.