பொதுநலவாய விளையாட்டு விழா

1930ஆம் ஆண்டு ஆகஸ்ட் மாதத்தில், கனடாவின் ஹமில்டன் நகரில், 11 நாடுகளைச் சேர்ந்த ஏறக்குறைய 400 வீரர்கள் கூடினர். 'பிரித்தானியப் பேரரசு விளையாட்டு விழா' என அன்று பெயர்பெற்ற அவ்விழாவே இன்று பொதுநலவாய விளையாட்டு விழா என வழங்குகின்றது.

பேரரசின் மக்களை விளையாட்டால் ஒன்றுகூட்டும் எண்ணத்தை 1891இலேயே அஸ்ட்லி கூப்பர் என்பார் வெளியிட்டிருந்தார். 1911இல் ஐந்தாம் ஜோர்ஜ் மன்னரின் முடிசூட்டையொட்டி இலண்டனில் நிகழ்ந்த போட்டியோ ஒருமுறையோடு நின்றுவிட்டது. அவ்வெண்ணத்துக்கு உயிரூட்டியவர் ஹமில்டன் நகரப் பத்திரிகையாளரான மெல்வில் ரொபின்சன். ஆர்வம் எத்துணை இருப்பினும் கப்பற்கூலிக்குப் பணம் வேண்டுமன்றோ? வெளிநாட்டு வீரரின் வழிச்செலவுக்கென அந்நகரம் 30,000 டொலர் வழங்க முன்வந்தது. பெண்களுக்கு மட்டும் நீர் விளையாட்டுப் போட்டிகளிலன்றி வேறெதிலும் இடமளிக்கப்படவில்லை.

1934ஆம் ஆண்டு விழா ஜொகனஸ்பேர்க் நகரில் நடைபெற இருந்தது. அங்கு கறுப்பினத்தவரும் ஆசிய வீரரும் சமமாக நடத்தப்படுவரோ என்னும் ஐயம் எழவே, விழா இலண்டனுக்கு மாற்றப்பட்டது. ஒரே முடியின்கீழ் வாழ்வோர் என அழைத்துவிட்டு, ஒரே திடலில் ஓடவிடாமை எவ்வகை உறவோ! இடம் மாறியதே தவிர, வினா தீரவில்லை. 1961இல் பொதுநலவாயத்தை விட்டகன்ற தென்னாபிரிக்கா, நிறவெறி ஆட்சி நீங்கும்வரை விழாவிற் கலந்துகொள்ளவில்லை. எனினும் அந்நாட்டுடன் விளையாட்டுத் தொடர்பை அறுக்கப் பிரித்தானிய அரசு முன்வராமையால், 1986இல் எடின்பரோவில் நடந்த விழாவை 32 நாடுகள் புறக்கணித்தன. 1994இல் கனடாவின் விக்டோரியா நகரிலேயே தென்னாபிரிக்கா மீண்டும் அணிவகுத்தது.

இலங்கையர்க்கும் இவ்வரலாற்றிற் பங்குண்டு. 1938இல் சிட்னியில் பார்னி ஹென்றிகஸ் குத்துச்சண்டையில் தங்கப்பதக்கம் வென்றார். போரினால் 1942, 1946ஆம் ஆண்டுகளில் விழா நடைபெறவில்லை. 1950இல் ஒக்லாந்தில் டங்கன் வைற் 440 யார் தடைதாண்டி ஓட்டத்தில் முதலாவதாக வந்தார். இரண்டாண்டுகளுக்கு முன் இலண்டன் ஒலிம்பிக்கில் வெள்ளிப்பதக்கம் பெற்றவரும் அவரே.

ஆட்சி மாறமாறப் பெயரும் மாறிற்று. 1954இல் 'பொதுநலவாயம்' என்னும் சொல் பெயரிற் சேர்ந்தது. 1970இல் 'பேரரசு' உதிர்ந்தது. 1978இல் 'பிரித்தானிய' என்பதும் நீங்கியது. அதுவரை தனிவீரர் போட்டிகளே நிறைந்திருந்த விழாவில், 1998இல் கோலாலம்பூரில் கிரிக்கெட், ஹொக்கி முதலிய குழு விளையாட்டுகளும் இடம்பெற்றன. 2022இல் பேர்மிங்காமில் 72 அணிகள் பங்குபற்றின. ஹமில்டனில் நீர் விளையாட்டுகளோடு நிறுத்தப்பட்ட பெண்களுக்கு, அங்கு ஆடவரைவிடக் கூடுதலான தங்கப்பதக்கப் போட்டிகள் ஒதுக்கப்பட்டிருந்தன.