'டர்ன் ஆஃப் இட்' ஏன் தவறு?
ஆங்கிலத்தில் 'ஆஃப்', 'அப்' போன்ற சிறு சொற்கள் வினையோடு சேர்ந்து அதன் பொருளையே மாற்றிவிடும். 'புட்' என்றால் வை. 'புட் ஆஃப்' என்றால் தள்ளிப்போடு. வினையடையாக வரும் இச்சொல் செயப்படுபொருளுக்கு முன்னும் பின்னும் நிற்கும். 'டர்ன் ஆஃப் த லைட்', 'டர்ன் த லைட் ஆஃப்' இரண்டும் சரி. பெயர்த்தொடர் நீண்டால் முன்னால் வைப்பதே நல்லது.

'இட்', 'தெம்' போன்ற பிரதிப்பெயர் வந்தால் இந்தச் சலுகை இல்லை. 'டர்ன் இட் ஆஃப்' மட்டுமே சரி. 'டர்ன் ஆஃப் இட்' பிழை. பலரும் இடறும் இடம் இது.

பெயரோடு சேரும் முன்னிடைச்சொல் அப்படி நகராது. 'ரன் அப் த பில்' என்பதில் 'அப்' வினையடை; அதை 'ரன் த பில் அப்' என்று மாற்றலாம். கடனை ஏற்றுவது என்றே பொருள். 'ரன் அப் த ஹில்' என்பதிலோ 'அப்' முன்னிடைச்சொல். மலைமேல் ஓடுவதைச் சொல்லும் அதை 'ஹில்' என்பதற்குப் பின்னால் தள்ள முடியாது. எது எந்த வகை என்று அறிய இதைவிட எளிய சோதனை கிடையாது.

ஆனால் கேள்வி போன்ற சில அமைப்புகளில் முன்னிடைச்சொல் தனித்துக் கடைசியில் நிற்பதுண்டு: 'வாட் ஆர் யூ லுக்கிங் அட்?' இவ்வழக்கை 1672-இல் கவிஞர் ஜான் டிரைடன் குறை கூறினார். 1926-இல் மொழி அறிஞர் ஃபவுலர் அந்தத் தடையை வெறும் மூடநம்பிக்கை என்று ஒதுக்கினார். ஆகவே தயங்காமல் அப்படியே எழுதலாம்.