சூனியக்காரி என்னும் பழி

துப்பறியும் நாவலில் குற்றவாளி யார் என்று நாம் தேடுகிறோம். முதலாம் எலிசபெத் அரசியின் காலத்தில் நிகழும் கதையிலோ, குற்றமே நிகழ்ந்ததா என்று முதலில் கேட்க வேண்டியிருக்கிறது. சூனியத்தால் கொல்வோருக்கு மரணதண்டனை என்றது 1563-ஆம் ஆண்டுச் சட்டம். எஸ்ஸெக்ஸ் பகுதியில், கைவைத்தியம் அறிந்த அர்சுலா கெம்ப் என்பாளோடு பூசலிட்ட ஒருத்தியின் குழந்தை தொட்டிலிலிருந்து விழுந்து இறந்தது. பழி அர்சுலாவின்மீது வீழ்ந்தது. அவளுடைய எட்டு வயது மகனே எதிராகச் சாட்சி சொன்னான். ஒப்புக்கொண்டால் சலுகை உண்டென விசாரித்தவர் ஆசை காட்டினார், ஒப்புக்கொண்டாள், 1582-இல் தூக்கிலிடப்பட்டாள். இவ்வாறு பழிக்கப்படுவோர் பெரும்பாலும் ஏழை மூதாட்டியரே என்று ரெஜினால்ட் ஸ்காட் 1584-இல் எழுதினார். ஆகவே இக்கதைகளில் நாம் துப்பறிய வேண்டியது சூனியத்தை அன்று. ஊராரின் அச்சத்தையும் பகையையுமே ஆகும்.