ரேக் சர்வரும் கிராபிக்ஸ் அட்டையும்

இரண்டாம் ஆண்டு, பி.எஸ்ஸி. இயற்பியல்

திருச்சி தேசியத் தொழில்நுட்பக் கழகத்தில் 2022 மே 25 அன்று ‘பரம் பொருள்’ என்னும் மீக்கணிப்பொறி தொடங்கி வைக்கப்பட்டது. அதன் திறன் 838 டெராஃபிளாப். அதாவது நொடிக்கு 838 இலட்சம் கோடி கணக்குகள்! அது ஒரே பெட்டியன்று. அடுக்குச் சட்டங்களில் செருகிய பல சர்வர்களின் கூட்டம். அவற்றுள் சிலவற்றில் கிராபிக்ஸ் அட்டைகள் உள்ளன. படம் காட்டப் பிறந்த அட்டைக்கு அங்கென்ன வேலை என்று கேட்கலாம். திரையின் இலட்சக்கணக்கான புள்ளிகளுக்கு ஒரே வகைக் கணக்கை ஒரே நேரத்தில் போட்டுப் பழகியது அது. கையெழுத்தை அடையாளம் காணக் கணிப்பொறியைப் பழக்குவதற்கும் அத்தகைய கணக்குகளே தேவை.

நம் போன்ற கல்லூரிகளுக்கு மீக்கணிப்பொறி எட்டாக்கனி. ஆனால் நிறுவனங்கள் கழித்துவிடும் பழைய ரேக் சர்வரில் ஓர் அட்டையைப் பொருத்தினால் மாணவர் ஆய்வுக்குப் போதும். எந்த அட்டையும் எந்தச் சர்வரிலும் பொருந்தாது என்பதே சிக்கல். நம் வீடுகளில் ஓர் அட்டையின் விலை என்பது பல மாதக் கூலி. தவறி வாங்கக் கூடாது.

முதலில் இடம். சர்வரின் உயரத்தை ‘யூ’ என்னும் அலகால் அளப்பர். 1 யூ என்பது 1.75 அங்குலம். முழு உயர அட்டை சுமார் 11 செ.மீ.; 2 யூ சர்வரோ 8.9 செ.மீ.தான். ஆகவே ‘ரைசர்’ என்னும் இடைப்பலகையில் அட்டையைப் படுக்கவைத்தே செருக வேண்டும்.

அடுத்தது மின்சாரம். செருகுவாய் தருவது அதிக அளவாக 75 வாட். டெஸ்லா பி40 அட்டைக்கு வேண்டியதோ 250 வாட். நம் ஊர் விசைத்தறிக் கணக்கில் சொன்னால், இப்படி மூன்று அட்டைகள் ஒரு குதிரைத்திறன் மோட்டாருக்குச் சமம். மீதி மின்சாரம் தனிக் கம்பியில் வரும். இங்குதான் ஆபத்து. எட்டு முனை இணைப்பிகளில் இரு வகை உண்டு. பார்வைக்கு இரட்டைப் பிள்ளைகள். ஒன்றில் 12 வோல்ட் வரும் முனையில் மற்றதில் தரை இணைப்பு இருக்கும். அழுத்திச் செருகினால் குறுக்குச் சுற்றுதான். சர்வர் கையேட்டில் குறித்த கம்பியையே வாங்க வேண்டும். மின்வழங்கிகள் இரண்டு இருந்தாலும் ஒன்றின் திறனையே கணக்கில் கொள்க. மற்றது பழுதுக்கான துணை.

பி40 அட்டையில் மின்விசிறி கிடையாது. சர்வரின் விசிறிகள் முன்னிருந்து பின்னுக்குத் தள்ளும் காற்றே அதைக் குளிர்விக்கிறது. வீட்டுக் கணிப்பொறி அட்டைக்குச் சொந்த விசிறி உண்டு. ஆனால் தாழ்ந்த மூடிக்குக் கீழே அது மூச்சுத் திணறும். நம் சித்திரை வெயிலில் குளிர்சாதன அறையும் வேண்டும். இவற்றையெல்லாம் எண்ணினால், 2018-இல் வந்த டி4 அட்டையே பழைய சர்வருக்கு ஏற்றது என்பேன். குறு உயரம், 70 வாட், தனிக் கம்பி வேண்டாம்.

பொருத்திய பின்னும் சர்வர் அட்டையைக் காணாமற்போகலாம். தொடக்க அமைப்பான பயாஸில், 4 ஜி.பி.க்கு மேற்பட்ட நினைவக முகவரிகளை அனுமதிக்கும் தெரிவை இயக்க வேண்டும். திரையை இந்த அட்டைகளில் இணைக்க வழியில்லை. சர்வரின் பழைய வாயிலிலேயே அது இருக்கட்டும். படம் வரவில்லை என்று அட்டையைத் திருப்பி அனுப்பிவிடாதீர்கள்!