பிழை திருத்தும் பணி

நிலக்கடலையை உரித்து உண்ணாதவர் எங்கள் சேலம், நாமக்கல் சமவெளியில் ஒருவரும் இரார். மேலே ஓடு, உள்ளே பருப்பு. கையில் படுவது ஓடு. பயன் தருவது பருப்பு. கணிப்பொறியை ஆக்கிய மேனாட்டு அறிஞர்களும் இந்த உவமையையே எடுத்தாண்டார்கள். நாம் இடும் கட்டளையைக் கேட்டு வாங்கும் வெளிப்பகுதிக்கு, ஓடு என்று பொருள்படும் ‘ஷெல்’ என்ற பெயரை இட்டார்கள். உள்ளே மறைந்திருந்து யாவற்றையும் நடத்தும் பகுதிக்கு, பருப்பு என்று பொருள்படும் ‘கெர்னல்’ என்ற பெயரை இட்டார்கள். அந்தக் கெர்னலைப் பற்றியும், அதில் நேரும் பிழைகளைப் பல நாட்டார் கூடித் திருத்தி வரும் முறையைப் பற்றியும் இன்று சிறிது சொல்ல விரும்புகிறேன்.

நான் கணிப்பொறிக் கல்வி பெற்றவன் அல்லன். ஆசிரியப் பயிற்சி முடித்து, கணக்கு ஆசிரியனாகப் பணி தொடங்கி, தலைமையாசிரியனாக ஓய்வு பெற்றவன். ஆதலின் வல்லுநர்க்காக இதனைச் சொல்லவில்லை. நாள்தோறும் கைப்பேசியை எடுத்துப் பேசியும், அதனுள் எவருடைய உழைப்பு இருக்கிறது என்று எண்ணிப் பாராத என்னைப் போன்றவர்களுக்கே சொல்கிறேன்.

கெர்னல் செய்யும் வேலை யாது? ஒரு பள்ளியை நினைத்துக்கொள்ளுங்கள். வகுப்புகள் இருபது, ஆய்வுக்கூடம் ஒன்று, விளையாட்டுத் திடலும் ஒன்று. எந்த வகுப்பு எந்த நேரத்தில் எங்கே செல்ல வேண்டும் என்று தலைமையாசிரியர் கால அட்டவணை வகுக்காவிட்டால், இரண்டு வகுப்புகள் ஒரே வாயிலில் வந்து முட்டிக்கொண்டு நிற்கும். கணிப்பொறியிலும் இதே நிலைதான். கணக்கிடும் செயலி, நினைவகம், வட்டு, விசைப்பலகை, திரை ஆகிய உறுப்புகளைப் பல நிரல்கள் ஒரே சமயத்தில் வேண்டி நிற்கின்றன. எந்த நிரலுக்கு எதனை, எவ்வளவு நேரம் தருவது என்று நொடிக்குப் பல நூறு முறை முடிவு செய்வது கெர்னல். ஒரு நிரலின் ஏட்டில் மற்றொரு நிரல் கை வைக்காமல் காப்பதும் அதுவே.

ஓர் ஆசிரியர் தவறினால் ஒரு வகுப்பு கெடும். கால அட்டவணையே தவறினால் பள்ளி முழுவதும் கெடும். அதுபோல, ஒரு நிரலில் பிழை இருந்தால் அந்த நிரல் நிற்கும். கெர்னலில் பிழை இருந்தால் பொறி முழுவதும் நின்றுவிடும். அதனினும் தீங்காக, நில்லாமலே தவறாக நடப்பதும் உண்டு.

1991 ஆகஸ்ட் 25 அன்று, பின்லாந்து நாட்டின் ஹெல்சிங்கி பல்கலைக்கழகத்தில் பயின்று வந்த 21 வயது மாணவர் லினஸ் டோர்வால்ட்ஸ், தாம் பொழுதுபோக்காக ஓர் இயங்குதளத்தை எழுதி வருவதாக அறிவித்தார். செப்டம்பரில் வெளிவந்த முதற் பதிப்பு ஏறத்தாழ 10,000 வரிகளைக் கொண்டது. அதற்கு லினக்ஸ் என்ற பெயர் நிலைத்தது. 1992-ல், அமெரிக்க அறிஞர் ரிச்சர்டு ஸ்டால்மன் வகுத்த பொது உரிமத்தை அவர் அதற்கு ஏற்றுக்கொண்டார். அந்த உரிமத்தின் சாரம் இதுவே: இதனை யாரும் படிக்கலாம், பயன்படுத்தலாம், திருத்தலாம், பிறருக்கு வழங்கலாம். ஆனால், திருத்தி வழங்குவோர் தம் திருத்தத்தையும் அவ்வாறே எல்லோர்க்கும் திறந்து வைத்தல் வேண்டும்.

அன்று 10,000 வரிகளாக இருந்தது இன்று ஏறத்தாழ 4 கோடி வரிகளாக வளர்ந்திருக்கிறது. ஆண்ட்ராய்டு கைப்பேசிகளின் உள்ளே இருப்பது லினக்ஸ் கெர்னலே. உலகின் மிக விரைந்த 500 கணிப்பொறிகள் என்று வரிசைப்படுத்தப்படுபவை அனைத்தும் 2017 நவம்பர் முதல் இதனைக் கொண்டே இயங்குகின்றன. சென்னையில் உள்ள சி-டாக் நிறுவனம் 2007-ல் வெளியிட்ட ‘பாஸ்’ என்னும் இந்திய இயங்குதளத்தின் பருப்பும் இதுதான். தமிழக அரசு 2011-ல் மாணவர்களுக்கு வழங்கத் தொடங்கிய விலையில்லா மடிக்கணினிகளில் பாஸும் இடம் பெற்றிருந்தது. ஆகவே, எங்கள் சிற்றூர்களின் வீட்டுத் திண்ணைகளிலும் லினக்ஸ் வந்து அமர்ந்துவிட்டது.

ஆக்கியதைப் பற்றி இவ்வளவு போதும். காப்பதுதான் பெரிய கதை.

எங்கள் பகுதியில் ஏரிகள் உண்டு. ஓர் ஏரி நிலைத்து நிற்பது அதனை வெட்டியவரால் மட்டும் அன்று. கரையில் நண்டும் எலியும் தோண்டிய வளைகளை அடைத்து, மதகைச் சீர்செய்து, வாய்க்காலைத் தூர்வாரி, ஆண்டுதோறும் ஊரார் கூடிச் செய்த வேலையினாலேயே அது நின்றது. அதற்குக் குடிமராமத்து என்று பெயர். ஒரு வளையை அடைக்காமல் விட்டால் அடுத்த மழைக்குக் கரை உடையும். லினக்ஸுக்கு நடப்பதும் உலகளாவிய குடிமராமத்தே. புதிய புதிய பொறிகள் சந்தைக்கு வருகின்றன. அவற்றுக்காகப் புதிய வரிகளைச் சேர்க்கின்றனர். சேர்க்கும்போதே, அறியாமல் பிழைகளும் சேர்ந்துவிடுகின்றன.

வேலை நடக்கும் ஒழுங்கு வியக்கத்தக்கது. ஒன்பது அல்லது பத்து வாரங்களுக்கு ஒரு முறை புதிய பதிப்பு வெளிவருகிறது. முதல் இரண்டு வாரங்கள் மட்டுமே புதிய பகுதிகளை ஏற்பர். எஞ்சிய ஏழெட்டு வாரங்களும் பிழை திருத்தத்திற்கே. வாரம் ஒரு சோதனைப் பதிப்பு வரும். உலகெங்கும் உள்ளோர் அதனைத் தம் பொறிகளில் இயக்கிப் பார்த்துக் குறை கூறுவர். வெளிவந்த பதிப்புகளுக்கு மேலும் திருத்தங்கள் வழங்கும் நிலைப்பதிப்பு வேலையை கிரெக் குரோவா-ஹார்ட்மன் என்பவரும் அவருடைய தோழர்களும் கவனிக்கின்றனர். அதற்கு வகுத்துள்ள விதிகளில் ஒன்று, திருத்தம் 100 வரிகளுக்கு மேற்படலாகாது என்பது. கரையை அடைக்க வந்தவன் ஏரியையே மாற்றி வெட்டிவிடக் கூடாது என்பதுதான் இதன் கருத்து.

இன்னொரு விதி எல்லாவற்றிற்கும் தலையாயது. நேற்று வரை ஒருவருக்கு ஒழுங்காக நடந்துவந்த ஒன்று, இன்றைய மாற்றத்தால் நடவாமல் போகலாகாது. போனால், மாற்றம் எவ்வளவு சிறந்ததாயினும் அது பிழையே. பயன்படுத்துபவரைக் குறை சொல்லித் தப்ப முடியாது. இந்த விதியின் பயனை நானே என் வீட்டில் கண்டேன்.

என் பேத்தி பள்ளியில் பெற்ற மடிக்கணினி பழையதாகி என் கைக்கு வந்தது. பெங்களூரில் பணிபுரியும் என் பழைய மாணவர் ஒருவர் அதில் லினக்ஸை நிறுவித் தந்தார். ஒரு முறை புதிய கெர்னலை ஏற்றிய பின் அதில் ஒரு குறை தோன்றியது. மூடியை மூடினால் பொறி உறங்கும், திறந்தால் விழிக்காது. பொங்கலுக்கு ஊர் வந்த மாணவரிடம் முறையிட்டேன்.

“பழைய கெர்னலில் விழித்ததா, ஐயா?” என்று கேட்டார்.

“விழித்தது” என்றேன்.

“அப்படியானால் கண்டுபிடித்துவிடலாம்” என்றார்.

இரண்டு பதிப்புகளுக்கு இடையே ஏறத்தாழ 14,000 மாற்றங்கள் இருக்கின்றன என்று அவரே சொன்னார். அத்தனையில் தவறான ஒன்றைக் காண்பது எப்படி என்று நான் மலைத்தேன். அவர் சிரித்துக்கொண்டு, நான் வகுப்பில் ஆடிய ஒரு விளையாட்டையே எனக்கு நினைவூட்டினார். ஒருவன் 1 முதல் 1,000 வரை ஓர் எண்ணை நினைத்துக்கொள்ள வேண்டும். 500-க்கு மேலா, கீழா என்று கேட்டால் பாதி கழிந்துவிடும். மீண்டும் பாதியைக் கேட்டால் கால் பங்கே எஞ்சும். இவ்வாறு பத்துக் கேள்விகளில் எண் அகப்பட்டுவிடும். 14 முறை பாதியாக்கினால் 16,384 பொருள்களில் ஒன்றைப் பிரித்தெடுக்கலாம். எனவே 14 சோதனைகள் போதும். டோர்வால்ட்ஸ் 2005-ல் ஆக்கிய ‘கிட்’ என்னும் கருவி, எல்லா மாற்றங்களையும் வரிசைப்பட வைத்திருப்பதோடு, அடுத்த பாதி எது என்பதையும் தானே எடுத்துக் கொடுக்கிறது.

மாணவர் தம் விரைந்த பொறியில் ஒவ்வொரு கெர்னலாகக் கட்டித் தருவார். நான் மூடியை மூடித் திறப்பேன். விழித்தால் என் ஏட்டில் ‘நன்று’, விழிக்காவிட்டால் ‘தீது’. இரண்டு மாலைகள் சென்றன. பதினான்காம் சோதனையில் குற்றவாளி அகப்பட்டான். வேறொரு வகைப் பொறிக்கு மின்சாரத்தைச் சேமித்துத் தருவதற்காக, வேற்று நாட்டவர் ஒருவர் நல்லெண்ணத்தோடு எழுதிய சில வரிகள் அவை.

முறைப்படி எழுதி அனுப்பினோம். அடுத்த நாள் மறுமொழி வந்தது. அந்த வரிகளை எழுதியவர் சாக்குச் சொல்லவில்லை. தம் மாற்றமே காரணம் என்று ஒப்புக்கொண்டு ஒரு திருத்தம் அனுப்பினார். அந்தப் பகுதியின் பராமரிப்பாளர் அதனையும் உடனே ஏற்கவில்லை. திருத்தம் சரி, ஆனால் பிழை ஏன் நேர்ந்தது என்ற விளக்கம் போதாது என்று திருப்பிவிட்டார். மூன்றாம் முறைதான் ஏற்றார்.

ஏற்ற திருத்தத்தின் அடியில் சில பெயர்கள் நின்றன. எந்த மாற்றத்தினால் வந்த பிழை என்பது முதல் வரி. பின்னர் கண்டு சொன்னவர், சோதித்தவர், மேற்பார்த்தவர், எழுதி ஒப்பமிட்டவர். சோதித்தவர் என்ற இடத்தில் என் பெயர் இருந்தது. மூடியை மூடித் திறந்ததன்றி நான் யாதொன்றும் செய்திலேன். ஆயினும் அந்த வேலையையும் அவர்கள் வேலை என்று மதித்து எழுதிவைத்தார்கள்.

பிழையை மறைக்காமை அங்கே சிறியோர்க்கு மட்டும் உரிய விதியன்று. 2016 அக்டோபரில் ‘டர்ட்டி கவ்’ என்று பெயர் பெற்ற கொடிய பிழை ஒன்று திருத்தப்பட்டது. இரு நிரல்கள் ஒரே ஏட்டைப் படித்துக்கொண்டிருக்க, ஒன்று அதில் எழுத முயன்றால், கெர்னல் அதற்குத் தனிப் படி எடுத்துக் கொடுக்க வேண்டும். மிகச் சிறிய ஒரு கண இடைவெளியைப் பயன்படுத்தி, படியில் எழுத வேண்டியதை மூலத்திலேயே எழுதிவிட வழி இருந்தது. படிக்க மட்டும் உரிமை உடையவன் பள்ளிப் பதிவேட்டைத் திருத்திவிடுவதற்கு இது ஒப்பாகும். 2007 முதல் அந்த வழி திறந்தே கிடந்தது. திருத்தத்தை எழுதிய டோர்வால்ட்ஸ், பதினோர் ஆண்டுகளுக்கு முன் இதனைத் தாமே சரிசெய்ய முயன்றதையும், அதனைச் செம்மையாகச் செய்யாததையும், பின்னர் அந்த முயற்சி நீக்கப்பட்டதையும் அத்திருத்தத்தின் குறிப்பிலேயே எழுதினார். இன்று எவரும் அதனைப் படிக்கலாம்.

அவரிடம் வேறொரு குறையும் இருந்தது. பிழை செய்தோரைக் கடுஞ்சொற்களால் சுடுவார். 2018 செப்டம்பரில் அதற்காக எல்லோரறிய வருத்தம் தெரிவித்து, சில வாரங்கள் பணியினின்று விலகியிருந்து, அக்டோபரில் திரும்பினார். நடத்தை விதிகளும் அப்போது ஏற்கப்பட்டன.

இதனைப் படித்த இரவு எனக்கு உறக்கம் வரவில்லை. பல ஆண்டுகளுக்கு முன், எட்டாம் வகுப்பில் ஒரு கிணற்றின் கொள்ளளவைக் கரும்பலகையில் போட்டுக்கொண்டிருந்தேன். ஒரு சிறுவன் எழுந்து, “ஐயா, விட்டத்தை ஆரமாக எடுத்துவிட்டீர்கள்” என்றான். அவன் சொன்னது சரி. நானோ, குறுக்கே பேசியதற்காக மணியடிக்கும் வரை அவனை நிற்க வைத்தேன். கணக்கை மறுநாள் ஓசையின்றித் திருத்திக்கொண்டேன். அந்தச் சிறுவன் அதன் பின் என் வகுப்பில் எழுந்து ஒரு கேள்வியும் கேட்டதில்லை. முப்பதாண்டுக்கு மேல் சிவப்பு மையால் பிழை திருத்திய எனக்கு, என் பிழையைச் சுட்டியவனுக்கு நன்றி சொல்லத் தெரியவில்லை.

கெர்னலின் பராமரிப்பாளர் பட்டியலில் தமிழ்ப் பெயர்களும் இருக்கின்றன. பொறியின் உறுப்புகளை இணைக்கும் சில பகுதிகளுக்கு மணிவண்ணன் சதாசிவம் என்பவரும், பவர்பிசி வகைச் செயலிகளுக்கு மாதவன் ஸ்ரீனிவாசன் என்பவரும் பொறுப்பேற்றிருக்கின்றனர். நம் பகுதிப் பொறியியல் கல்லூரிகளில் பயிலும் பிள்ளைகளுக்கு இந்த வாயில் அடைக்கப்படவில்லை. நுழைவுக் கட்டணம் இல்லை. பட்டம் கேட்பாரும் இல்லை. ‘சி’ மொழி அறிவும் பொறுமையும் வேண்டும். அது வரும் வரையில் சோதனைப் பதிப்பை இயக்கிக் குறை காணலாம். விளக்க ஏடுகளில் உள்ள தவறுகளைத் திருத்தலாம். ஏரி நீரைப் பருகும் நாம் ஒரு கூடை மண்ணாவது கரைக்குச் சுமக்க வேண்டாமா?

ஆசிரியர்களுக்கும் ஒன்று சொல்வேன். மாணவன் ஒருவன் நம் பிழையைக் காட்டினால், கரும்பலகையின் ஓரத்தில் ‘கண்டு சொன்னவர்’ என்று எழுதி அவன் பெயரையும் எழுதுங்கள். எனக்கு அந்தக் காலம் கடந்துவிட்டது. பணியில் இருப்போர் நாளையே தொடங்கலாம்.